"36 இஞ்ச்" ராட்சத பலூன் வாங்கும் முன் எத்தனை கிராம் என்று கேளுங்கள்

ஆளையே மறைக்கும் பலூன் படத்தைப் போட்டு, "36 இஞ்ச் லேட்டெக்ஸ், 10 பீஸ்" என்று ஆன்லைனில் விற்றதை வாங்கி ஏமாந்தோம். வந்தவற்றில் எதுவும் சமையல் தராசில் 10 கிராமைத் தொடவில்லை. மோட்டார் பம்பில் ஊதினால் 20 அங்குலத்துக்குள்ளேயே பேரிக்காய் வடிவத்துக்கு வந்து கழுத்தும் உப்பிவிட்டது. அதற்கு மேல் காற்று விட்டதெல்லாம் வெடித்தது. விற்றவரிடம் கேட்டபோது, "ஊதிப் பார்த்த பலூனுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று முடித்துவிட்டார். ஊதாமல் அளவு தெரியாது, ஊதினால் திருப்ப முடியாது. இந்த வியாபாரமே அந்த இடுக்கில்தான் நடக்கிறது.

ஊதாமலே கண்டுபிடிக்க வழி எடைதான். நல்ல 12 அங்குல பலூன் சுமார் 3 கிராம் இருக்கும். குறுக்களவு 3 மடங்கானால் தோலின் பரப்பு 9 மடங்காகும். ஆக, அதே கனத்தில் செய்தால்கூட 36 அங்குல பலூன் 27 கிராமாவது இருக்க வேண்டும். மேலே சாய்ந்து, அழுத்தி விளையாட இன்னும் கனமானது வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே "ஒரு பீஸ் எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். பதில் வராத கடையை விட்டுவிடுங்கள்.

சிலர் சுற்றளவைப் போட்டு விற்கிறார்கள். சுற்றளவு 36 அங்குலம் என்றால் குறுக்களவு பதினொன்றரைதான், அதாவது தெருக்கடையில் கிடைக்கும் சாதாரண பலூன். உண்மையான 36 அங்குல பலூனின் சுற்றளவு 287 செ.மீ. அந்த நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டிவைத்துக்கொண்டு ஊதுங்கள். விளையாடத்தான் என்றால் 255 செ.மீ. வந்ததும், அதாவது 32 அங்குலத்தில், நிறுத்திவிடுங்கள். முழு அளவுக்கு ஊதிய பலூனில் தோல் மேலும் இழுபட இடமில்லை. ஒரு நகம் பட்டாலே போதும்.

பழைய சரக்கைத் தள்ளிவிடுவது அடுத்த மோசடி. ரப்பருக்கு வெயிலும் ஓசோனும் ஆகாது. பாக்கெட்டைப் பிரித்ததும் பலூன் ஒன்றோடொன்று ஒட்டுகிறதா, பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். வாயை விரலால் இரண்டு மடங்கு இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வர வேண்டும். ஓரத்தில் நுண்ணிய கீறல் தெரிந்தால் அது கெட்டுப்போன சரக்கு. பாதி ஊதி, இருட்டறையில் மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் தோல் மெலிந்த இடம் வெளுப்பாகத் தெரியும். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் மாதம், ஆண்டும் பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். வெறும் பிளாஸ்டிக் கவரில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

எல்லாப் பழியையும் விற்றவர் மேல் போட முடியாது. தேங்காய் எண்ணெய் பட்ட கையால் தொட்டாலே ரப்பர் ஊறி வலுவிழக்கும். ஏசி அறையில் இறுக்க ஊதி வெளி வெயிலுக்குக் கொண்டுபோனால், உள்ளே காற்று விரிந்து வெடிக்கலாம். 36 அங்குல பலூனுக்கு 400 லிட்டர் காற்று வேண்டும். கைப்பம்ப் ஒரு தள்ளலுக்கு கால் லிட்டர் கொடுத்தாலும் 1600 தடவை தள்ள வேண்டும். மோட்டார் பம்பை இடைவெளி விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் பம்பின் மூக்கு சூடாகி, அது தொடும் கழுத்துப் பகுதி இளகிவிடும்.

உயிருக்கே ஆபத்தான ஏமாற்று ஒன்று இருக்கிறது. ஹீலியம் என்று சொல்லி, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை அடித்துக் கொடுப்பது. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு கொண்டாட்டத்தில் பட்டாசுப் பொறி பட்டு பலூன் கொத்து தீப்பிடித்துப் பலர் காயமடைந்தார்கள். அவை சிறு பலூன்கள். 36 அங்குல பலூனில் ஒன்றே ஒன்றுக்குள் 400 லிட்டர் வாயு. விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தாலோ, காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் போட்டு அங்கேயே வாயு தயாரித்தாலோ, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். விளையாட வெறும் காற்றே போதும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும்.

பார்சலைப் பிரிக்கும்போது வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு, பாக்கெட், தராசில் ஒவ்வொரு பலூனின் கிராம் என மூன்றும் அதில் தெரியட்டும். எடை குறைவு என்றால் ஒன்றைக்கூட ஊதாமல் ரிட்டர்ன் போடுங்கள். மறுத்தால், விற்பனைப் பக்கத்தில் "36 இஞ்ச்" என்றிருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.