தோல் ஷூவில் பூனை மூத்திர வீச்சம்: என்சைம் கிளீனரை மழைக்காலம் வரைக்கும் வைத்துப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்சைம் கிளீனர் (மூத்திரக் கறையை நொதிகளாலோ, அவற்றை உண்டாக்கும் பாக்டீரியாவாலோ உடைக்கிற திரவம்) வேலை செய்கிறது. ஆனால் டைல்ஸ் தரையில் செய்கிற மாதிரி மேலாக ஸ்பிரே அடித்துத் துடைத்து எடுத்தால் தோல் ஷூவில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் நாற்றம் பெரும்பாலும் மேல் தோலில் இருப்பதில்லை, காலுக்கு அடியில் இருக்கிற அட்டையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது கடுவன், அதாவது ஆண் பூனை. ஷூ ஸ்டாண்டு வாசல் கதவை ஒட்டி உள்ளேயே இருக்கிறது, பையனுக்கு வயசு வந்ததும் எல்லை குறிக்கக் கிடைத்த முதல் இடம் என் ஆபீஸ் ஷூ. கடுவன் மூத்திரத்தில் ஃபெலினின் என்று ஒரு அமினோ அமிலம் அதிகம், அது சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்களாக மாறுகிறது. அடித்த உடனே இருக்கிற வாடையைவிட அடுத்த நாள் வருகிற வீச்சம் மோசமாக இருப்பது அதனால்தான். யூரியாவும் அது உடைந்து வருகிற அம்மோனியாவும் தண்ணீரோடும் காற்றோடும் ஓரளவு போய்விடும், யூரிக் அமில உப்பு அப்படிப் போகாது. அது தண்ணீரில் எளிதில் கரையாது, உள்ளேயே படிகமாக உட்கார்ந்திருக்கும், காற்றில் ஈரம் ஏறினால் வாடை திரும்ப எழும். சென்னையில் மே மாதம் மோந்து பார்த்துவிட்டு "சூப்பர், சுத்தமாகப் போய்விட்டது" என்று எழுதுகிற ரிவ்யூவை நான் நம்புவதே இல்லை. ஐப்பசி அடைமழையில் மூடிய கப்போர்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கிளீனருக்கு முன்னால் வழக்கமான வைத்தியங்களும் நடந்தன. ஆப்பசோடா ஈரத்தை இழுக்கும், வாடையைக் கொஞ்ச நாள் அடக்கும், தையல் இடுக்கில் வெள்ளையாக மாட்டிக்கொண்டு பிரஷ்ஷுக்கும் வராது. தண்ணீர் கலந்த வினிகர் அம்மோனியா காரத்தைக் குறைக்கிறது, தோலையும் பெரிதாகக் கெடுக்கவில்லை (பதனிட்ட தோலே சற்று அமிலத்தன்மையானதுதான்), ஆனால் அந்த உப்பை அது ஒன்றும் செய்யாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நாற்றத்தை எடுக்கும், கூடவே சாயத்தையும் எடுக்கும், கறுப்பு ஷூ என்றால் ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் கிட்டவே போகாதீர்கள். பிளீச் கூடவே கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்தால் விஷவாயு. பினாயிலும் வேண்டாம், பீனால் வகைச் சாமான்களைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் சமாளிக்க முடியாது.

சரி, கிளீனர். முதலில் இருட்டில் யூ.வி. டார்ச் அடித்துப் பார்த்தேன். மூத்திரம் பட்ட இடம் மங்கிய மஞ்சளாகத் தெரிந்தது, தையல் நூலும் பசையும்கூட நீலமாக மின்னியதால் முதலில் குழப்பம். எதிர்பார்க்காத இடம் ஒன்று கிடைத்தது: சோலும் மேல் தோலும் சேர்கிற விளிம்பு, அது வழியாகத்தான் உள்ளே வழிந்திருக்கிறது. தெருமுனையில் செருப்பு தைக்கிற அண்ணனிடம் காட்டியதும் கத்தி முனையால் இன்சோலை (அட்டைக்கு மேல் கால் படுகிற உள்விரிப்பை) நெம்பி எடுத்து, விரலால் அழுத்திக் காட்டினார். "உள்ள அட்டை ஊறிப்போச்சு சார், இதை வெச்சிக்கிட்டு மேல என்னத்த ஊத்தினாலும் வேஸ்ட்டு." இன்சோலைத் தூக்கிப் போட்டாயிற்று, அட்டையை முழுசாகப் பிரித்தால் ஷூவின் வடிவமே போய்விடும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

அப்புறம் கிளீனரை அந்த அட்டையும் விளிம்புத் தையலும் நன்றாக நனைகிற அளவுக்கு உள்ளே ஊற்றி, ஷூவை பிளாஸ்டிக் கவரில் கட்டி இரவு முழுக்க வைத்தேன். காய்ந்துவிட்டால் அதன் வேலை நின்றுவிடும், ஈரம் முக்கியம். காலையில் செய்தித்தாளைத் திணித்து, ஃபேனுக்கு அடியில் நிழலில், தாள் நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், தோல் அப்பளம் மாதிரி விறைத்துப் போகும். முதல் சுற்று முடிந்ததும் வாடை கூடின மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், பழைய உப்பு நனைந்து கிளம்புகிறது. மறுபடி செய்யச் செய்யக் குறைந்தது. வாடை போகும்வரை பாலிஷ் போடாதீர்கள், மெழுகு துளைகளை அடைத்துவிடும். போன பிறகு லெதர் கண்டிஷனர் தடவினால் விறைப்பு இறங்கும். தேங்காய் எண்ணெய் தோலைக் கறுக்கவைத்து, பிறகு அதுவே காறல் வாடை அடிக்கும்.

மழைக்காலத்தைத் தாண்டியும் அந்த ஷூவைத்தான் ஆபீஸுக்குப் போடுகிறேன். கையில் எடுத்து மூக்கோடு ஒட்டிப் பார்த்தால் லேசாக ஏதோ இருக்கிறது, காலில் போட்டால் யாருக்கும் தெரியாது. கோலாப்பூர் செருப்பில் கதை வேறு. பூச்சு எதுவும் இல்லாத தாவரப் பதனீட்டுத் தோல், பட்டதை எல்லாம் குடித்துவிடும். கிளீனர் வாடையைப் பாதிக்குக் குறைத்தது, பதிலுக்கு ஒரு கறுத்த திட்டு வந்துவிட்டது. இப்போது அது மாடியில் துணி காயப்போடப் போகும்போது மட்டும். ரெக்ஸின் ஷூவுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை, கிளீனர் செலவுக்குப் புதுசே வாங்கலாம்.

கடுவனுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்த பிறகு அடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது, அந்தச் செலவைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். கிளீனர் வாங்குவதானால் பாட்டிலில் என்சைம் அல்லது பாக்டீரியா என்று எழுதியிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள், பல பாட்டில்களில் இருப்பது வெறும் சென்ட்தான். கிருமிநாசினி போட்டுத் துடைத்த ஷூவாக இருந்தால், அதை ஈரத்துணியால் நன்றாக எடுத்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பாக்டீரியா உள்ளே போன உடனே செத்துவிடும்.