லூக்கா பக்கம் பழைய வில்லா புக் செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

இத்தாலியின் டஸ்கனியில், லூக்காவைச் சுற்றியுள்ள குன்றுகளில் அந்தக் காலத்துப் பட்டு வணிகர்கள் கட்டிய வில்லாக்கள் நிறைய உண்டு. அதில் ஒன்றை ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு எடுத்தோம். விளம்பரப் படங்களில் சுவரோவியக் கூடம், கல் படிக்கட்டு, எலுமிச்சைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் தோட்டம். போய் இறங்கினால், சாவி கொடுத்தது பின்பக்க லிமொனாயாவுக்கு. குளிர்காலத்தில் அந்த எலுமிச்சைத் தொட்டிகளை உள்ளே வைப்பதற்காகக் கட்டிய கொட்டகை அது. நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறையாக்கியிருக்கிறார்கள். ஓவியக் கூடத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி. கேட்டதற்கு, "அது எங்கள் வீடாயிற்றே!" என்றார் ஓனரம்மா.

இரவில் கல் சுவர் சில்லிட்டது. அந்தப் பகுதியில் சட்டப்படி ஹீட்டிங் போடும் காலம் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கொடுத்த மின்சார ஹீட்டரையும் கெய்சரையும் சேர்த்துப் போட்டாலே கரண்ட் போய்விடுகிறது. இத்தாலிய வீடுகளில் பெரும்பாலும் 3 கிலோவாட் இணைப்புதான். மீட்டர் பெட்டியோ பூட்டிய பெரிய வீட்டுக்குள். போனை யாரும் எடுக்கவில்லை. விடியும்வரை ஸ்வெட்டரோடு கிடந்தோம்.

"கடலுக்கு 20 நிமிடம்" என்பதும் பொய். சுங்கம் கட்டி நெடுஞ்சாலையில் போயும் வியாரெஜ்ஜோ கடற்கரைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. லூக்கா அருமையான ஊர். 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கோட்டை மதில்மேல் சைக்கிள் ஓட்டியதைப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். அதற்கு ஓனரம்மாவுக்கு நன்றி சொல்லத் தேவையில்லை.

கிளம்பும்போது சுத்தம் செய்ய 150 யூரோ, சுற்றுலா வரி தனியாக, எல்லாம் ரொக்கமாக வேண்டும் என்றார். அந்த வரி நகராட்சி போடுவது, நியாயமானதுதான். இரசீது கேட்டதும் பேச்சை மாற்றினார்.

இப்படி வாடகைக்கு விடும் வீடுகளுக்கு 2025 ஜனவரி 1 முதல் சின் (CIN) என்ற தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்திலும் இருக்க வேண்டும், கட்டடத்தின் வெளியிலும் தெரிய வேண்டும். எண் வாங்காமலே விட்டால் 800 முதல் 8,000 யூரோ வரை அபராதம். எங்கள் கொட்டகை வாசலில் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் பணம் கட்டும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள். அப்புறம், எந்தக் கட்டடத்தில் படுக்கப் போகிறோம், மீட்டர் பெட்டி எங்கே என்று புக்கிங் தளத்தின் சாட்டிலேயே எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். எங்களுக்குச் சுத்தம் செய்யும் கட்டணம் மட்டும் திரும்பியது, அதுவும் அவர் அதை ரொக்கமாகக் கேட்டது சாட்டில் இருந்ததால்.