அளவுச் சீட்டா, அளவு நாடாவா? கோலாலம்பூரில் உடை வாங்கும் மூன்று வழிகள்

கோலாலம்பூரில் அலுவலகத்துக்கும் விசேஷத்துக்கும் உடை தேடும் நம் பெண்களுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: பேரங்காடியில் தொங்கும் ஆயத்த ஆடை, இணைய அங்காடி, மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள தையற்கடை. பெரும்பாலும் விலையை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறோம். உடம்புக்குப் பொருந்தாத உடை எத்தனை மலிவாக இருந்தாலும் அலமாரியில்தான் கிடக்கும் என்பதால், எந்த வழியில் எது சரியாக அமைகிறது, அமையாததை எங்கே திருத்த முடிகிறது என்பதையே நான் இங்கு முதன்மையாகப் பார்க்கிறேன்.

ஆயத்த ஆடையின் பெரிய வசதி, போட்டுப் பார்த்து வாங்கலாம் என்பது. அதன் குறை வெட்டிலேயே இருக்கிறது. நிறுவனங்கள் ஓர் அடிப்படை அளவுக்கு மாதிரி வரைந்து, அதையே படிப்படியாகப் பெருக்கி மற்ற அளவுகளைத் தைக்கின்றன. ஆகவே மார்புச் சுற்றளவு கூடும்போது தோளும் சேர்ந்து அகலமாகிறது. பிள்ளை பெற்றபின் இடுப்பும் வயிறும் பெருத்த ஒருவருக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லை. அவர் இடுப்புக்காக ஒரு படி பெரிய சட்டை எடுத்தால் தோள் தையல் கையில் சரிகிறது, அக்குள் வெட்டும் தாழ்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட சட்டையோடு எல்.ஆர்.டி. ரயிலில் மேல்பிடியைப் பற்றிப் பாருங்கள்: கையோடு சட்டை முழுவதும் மேலேறும், கையை இறக்கிய பின்னும் தானாகக் கீழே வராது.

இணைய அங்காடியில் இதே குறை இருக்கிறது, போட்டுப் பார்க்கும் வசதி மட்டும் இல்லை. அளவுச் சீட்டிலுள்ள எழுத்தையும் நம்ப முடியாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து பெற்ற தரவுகளின் துணையோடு 1958இல் வெளியிட்ட பொது அளவுத் தரமே 1983இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளவு வைக்கிறது. சீனத் தயாரிப்பின் எக்ஸ்எல் ஐரோப்பிய நிறுவனத்தின் எம் அளவுக்கே வருவதுண்டு. வாங்கியே ஆகவேண்டுமென்றால், நன்றாகப் பொருந்தும் உங்கள் சட்டையொன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோள் தையலுக்குத் தோள் தையல் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அந்த அட்டவணை உடம்பின் அளவா, துணியின் அளவா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தையற்கடையின் உண்மையான சிறப்பு உடையைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நல்ல தையற்காரர் ரவிக்கையின் பக்கத் தையலில் ஏறத்தாழ ஓர் அங்குலத் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போட்டுத் தருவார். உடம்பு சற்றுப் பெருத்தால் ஒரு வரியைப் பிரித்தாலே போதும், அதே ரவிக்கையைப் பல ஆண்டுகள் உடுத்தலாம். ஆயத்த ஆடையிலோ விளிம்பை ஒட்ட வெட்டி, நூல் பிரியாதபடி ஓவர்லாக் தையல் அடித்திருப்பார்கள், பிரித்துவிட உள்ளே துணியே இராது. தையற்கடையில் வேறு தொல்லைகள் உண்டு. ஒரு தீபாவளிக்கு நான் தைக்கக் கொடுத்த ரவிக்கை முந்தின நாள் இரவுதான் கைக்கு வந்தது; கழுத்தைச் சொன்னதைவிட அகலமாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய கழுத்தைக் குறுக்க வழியில்லை. அளவு ரவிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு வருவதும் நல்லதல்ல, ஏனென்றால் பலமுறை துவைத்து நெகிழ்ந்துபோன ரவிக்கை பழைய உடம்பின் அளவைத்தான் சொல்லும். நாடா வைத்துப் புதிதாக அளக்கச் சொல்வதே சரி.

ரவிக்கைக்கும் பஞ்சாபி உடைக்கும் தையற்கடைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை, தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அலுவலகச் சட்டைக்கும் காற்சட்டைக்கும் ஆயத்த ஆடையை வாங்கி, ஆல்டர் செய்யும் கடையில் திருத்திக்கொள்வது மேல். இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் எளிய வேலைகள்; தோளைக் குறைக்கவோ கையையே கழற்றி மறுபடி வைக்கவேண்டும், சில நேரம் சட்டையின் விலையே கூலியாகிவிடும். ஆகவே சட்டை தோளில் சரியாக உட்கார்கிறதா என்று முதலில் பாருங்கள், இடுப்புத் தொளதொளப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இணையத்தில் நான் சேலையும் துப்பட்டாவும் மட்டுமே வாங்குகிறேன்.