டர்போவா, சாதாரண எஞ்சினா, ஹைபிரிட்டா? பெட்ரோல் எஸ்யூவி வாங்குவோருக்கான ஓர் ஒப்பீடு

பெட்ரோல் எஸ்யூவி வாங்க முடிவு செய்த பலர், முதலில் கம்பெனியின் பெயரையும் அடுத்து சன்ரூஃப், பெரிய திரை போன்ற வசதிகளையும் பார்த்துவிட்டு, எஞ்சினைப் பற்றிய பேச்சைக் கடைசியில்தான் எடுக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. ஒரே மாடலில், ஒரே உடலமைப்பில், இரண்டு மூன்று வகை பெட்ரோல் எஞ்சின்கள் விற்கப்படும் காலம் இது. அவற்றுள் எது பொருந்தும் என்பதை வண்டி எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை பேரைச் சுமந்து ஓடப்போகிறது என்பதே தீர்மானிக்கிறது. விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பது எல்லோருக்கும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்வோம். இந்தியச் சந்தையில் அந்த வண்டி டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் சாதனம்) இல்லாத சாதாரண 1.5 லிட்டர் எஞ்சினிலும், டர்போ பொருத்திய 1.5 லிட்டர் எஞ்சினிலும் கிடைக்கிறது. முதலாவது 115 குதிரைத்திறனும் 144 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்குவிசை) தருகிறது. இரண்டாவது 160 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டரும் தருகிறது. இந்த உச்ச எண்களை விட, அவை எந்தச் சுழற்சியில் கிடைக்கின்றன என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. சாதாரண எஞ்சின் தன் முழு டார்க்கை 4,500 ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கான சுற்றுகள்) எட்டுகிறது. டர்போ எஞ்சினுக்கு அது 1,500 முதல் 3,500 வரை தொடர்ந்து கிடைக்கிறது. கணக்குப் போட்டால், 2,000 ஆர்பிஎம்மில் டர்போவின் கையில் ஏறத்தாழ 72 குதிரைத்திறன் இருக்கும். சாதாரண எஞ்சினுக்கு முழு டார்க்கும் அங்கேயே கிடைப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 41க்கு மேல் வராது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு லாரியை முந்த முயலும்போது உணரப்படும் வேறுபாடு இதுதான். சாதாரண எஞ்சினில் இரண்டு கியர் குறைத்து, இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு முந்த வேண்டும்; டர்போவில் பெரும்பாலும் காலை அழுத்தினாலே போதும்.

மலைப்பாதையில் இந்த இடைவெளி இன்னும் விரியும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்றைத் தானாக உறிஞ்சும் எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவில் இறங்குகிறது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அடிக்கடி மலையேறும் குடும்பத்துக்கு டர்போவை நான் தயங்காமல் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

டர்போவுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. எஞ்சின் எரித்து வெளியேற்றும் புகையின் வேகத்தில் சுழலும் அதன் சக்கரம், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெப்பத்திலும் வேகத்திலும் அதன் பேரிங்குகளைக் காப்பது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம்தான் என்பதால், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்கள் டர்போ வாங்கக் கூடாது. கண்ட ஆயிலை ஊற்றவும் கூடாது. எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் அதிகச் சுமை ஏறும்போது எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பற்றும் சிக்கல் ஒன்று உண்டு. அதைத் தடுக்கும் தேர்வுகளை உள்ளடக்கியே 2020இல் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் நடைமுறைக்கு வந்தது. கையேடு எந்தத் தரத்தைச் சொல்கிறதோ அதையே கேட்டு வாங்க வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் பெட்ரோல் உள்ளிழு வால்வுகளின் மேல் பட்டு ஓடுவதில்லை. எனவே அவற்றில் கரி படிவதும் காலப்போக்கில் கூடும். பெட்ரோலை வால்வுக்கு முன்பே தெளிக்கும் பழைய பாணி எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. பத்து ஆண்டுகளுக்கு மேல் வண்டியைக் கைவிடாமல் ஓட்ட நினைப்பவர்களுக்கு, இந்த எளிமை எந்த விளம்பரத்திலும் வராத பெரிய வசதி.

மைலேஜ் விஷயத்தில் டர்போவின் குணம் ஓட்டுநரின் காலைப் பொறுத்தது. மெதுவாக மிதித்தால் சாதாரண எஞ்சினுக்கு இணையாக ஓடும். விரட்டினால், உள்வெப்பத்தைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்த வேண்டியிருப்பதால் கணக்கு வேகமாகக் கெடும். சோதனைச்சாலை எண்ணை நம்பி வாங்கியவர்கள் டர்போ வண்டிகளில் அதிகம் ஏமாற்றமடைவது இதனால்தான்.

இனி ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. இந்தப் பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுவதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மைல்டு ஹைபிரிட்டில் ஒரு சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், சிக்னலில் நின்ற எஞ்சினை அதிர்வின்றி மீண்டும் கிளப்பும். பெரும்பாலும் அதற்கு மேல் இல்லை. ஸ்ட்ராங் ஹைபிரிட் என்பது எஞ்சின் அணைந்திருக்கும்போதே மின்சாரத்தில் வண்டியை நகர்த்தக்கூடியது. விற்பனையாளர் இரண்டையும் ஒரே மூச்சில் ஹைபிரிட் என்று சொன்னால், எஞ்சின் ஓடாமல் இந்த வண்டி ஊர்ந்து செல்லுமா என்று கேட்டாலே விடை தெரிந்துவிடும். மைல்டு ஹைபிரிட்டுக்காக மட்டும் பெரிய தொகையைக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் ஆட்சி நகர நெரிசலில்தான். பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மோட்டார் பிடித்துப் பேட்டரியில் சேமிக்கிறது. நிற்கும்போதும் ஊரும்போதும் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கிறது. எஞ்சினும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது: டொயோட்டா தன் 2.5 லிட்டர் ஹைபிரிட் எஞ்சினுக்கு 41 சதவீத வெப்பத்திறனைக் குறிப்பிடுகிறது, பெட்ரோல் எஞ்சின் ஒன்றுக்கு இது மிக உயர்ந்த அளவு. 2025இல் அறிமுகமான ஆறாம் தலைமுறை ஆர்ஏவி4இல் வெறும் பெட்ரோல் எஞ்சினையே அந்நிறுவனம் கைவிட்டு, ஹைபிரிட்டையும், வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட்டையும் மட்டும் வைத்துக்கொண்டது, இந்தத் தொழில்நுட்பத்தின் மீது அதற்கிருக்கும் நம்பிக்கையைக் காட்டுகிறது.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது இந்த ஆதாயம் சுருங்கிவிடும். பிரேக்கே பிடிக்காத இடத்தில் மீட்க ஆற்றல் ஏது? நீண்ட ஏற்றத்தில் பேட்டரி இறங்கியதும் எஞ்சின் உயர்ந்த சுழற்சியில் ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டிருப்பது புதிதாக ஓட்டுபவருக்கு எரிச்சலூட்டும். நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிட்டால், மேலும் ஆற்றலை ஏற்க இடமின்றி எஞ்சினைச் சுழற்றியே வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாடல்களும் உண்டு. அப்போது எழும் ஓசையைக் கோளாறு என்று நினைத்துப் பதறத் தேவையில்லை. பேட்டரியைக் காற்றால் குளிர்விக்கும் வண்டிகளில், அந்தக் காற்று நுழையும் சிறிய துவாரம் பெரும்பாலும் பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும். பையோ போர்வையோ அதை மறைத்தாலும், உள்ளே இருக்கும் வடிகட்டியில் தூசி அடைத்தாலும், பேட்டரி சூடேறி அதன் ஆயுள் குறையும். செகண்ட் ஹேண்டில் ஹைபிரிட் பார்க்கிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது.

பணக்கணக்குக்கு வருவோம். இரு வண்டிகளின் விலை வித்தியாசத்தைப் பணமாக வைத்துக்கொண்டு யோசிப்பதை விட, அதை லிட்டர் பெட்ரோலாக மாற்றிப் பார்ப்பது தெளிவு தரும். சாதாரண எஞ்சின் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், ஸ்ட்ராங் ஹைபிரிட் 20 கிலோமீட்டரும் உண்மையான பயன்பாட்டில் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 320 லிட்டர் மிச்சம். 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் 130 லிட்டர்கூட வராது. ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை 2,000 லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமம் என்றால், முதலாமவருக்கு அது ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஓடினால் திரும்பும். இரண்டாமவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். மறுவிற்பனை விலை இந்தக் கணக்கை ஓரளவு மாற்றும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கு ஹைபிரிட் வாங்குவதைப் பணத்தை மிச்சப்படுத்தும் செயல் என்று அழைக்க முடியாது. அமைதிக்காகவும் சுகத்துக்காகவும் வாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டு வாங்கினால் அதில் தவறேதுமில்லை.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவிலேயே ஒரு கண்கட்டு இருக்கிறது. 10 தரும் வண்டியிலிருந்து 12 தரும் வண்டிக்கு மாறினால் 1,000 கிலோமீட்டருக்கு 16 லிட்டருக்கு மேல் மிஞ்சும். 18இலிருந்து 20க்குப் போனால் மிஞ்சுவது ஆறு லிட்டருக்கும் குறைவு. எனவே ஏற்கெனவே நல்ல மைலேஜ் தரும் இரு மாடல்களுக்கிடையே உள்ள இரண்டு புள்ளி வித்தியாசத்துக்காக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. அதைவிட வேகத்தைக் கட்டுப்படுத்துவது பலன் தரும். எஸ்யூவி உயரமானது, முகம் அகன்றது. 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்ப்படும் காற்றின் தடை 120இல் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது, அந்த வேகத்தில் எந்த எஞ்சினும் சிக்கனமாக இருக்காது.

கியர்பாக்ஸ் தேர்வில் பலரும் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே சொல்லில் நின்றுவிடுகிறார்கள். எஞ்சினின் திறனைத் திரவத்தின் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை, நெரிசலையும் சுமையையும் ஒருங்கே தாங்கும். கொஞ்சம் பெட்ரோல் அதிகம் குடித்தாலும் எனக்கு நம்பிக்கையானது அதுவே. படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி மென்மையானது, நகரத்துக்கு ஏற்றது, ஆனால் திடீரென முடுக்கினால் வேகத்தை விட ஓசையே முதலில் வரும். இரட்டைக் கிளட்ச் வகை நெடுஞ்சாலையில் மின்னலாகக் கியர் மாற்றும். அதில் கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர் வகை என்றால், அங்குலம் அங்குலமாக நகரும் ஏற்றத்து நெரிசலில் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரிய வாய்ப்புண்டு. அவ்வண்டிகளில் முடுக்கியை லேசாக மிதித்தபடியே மேட்டில் வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். மேனுவல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி விலை குறைவு. கியர் மாறும்போது சற்றுத் தலையாட்டும், முதல் ஆட்டோமேட்டிக்காகப் போதும்.

நான்கு சக்கர இயக்கம் சேறு, பனி, மணல் ஆகியவற்றை வழக்கமாகச் சந்திப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அது கூடுதல் எடை, கூடுதல் பெட்ரோல். நல்ல டயரும், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பான ஈஎஸ்சியும் போதும்.

ஒரே பட்ஜெட்டுக்குள் உண்மையான போட்டி, சிறிய எஞ்சின் கொண்ட டாப் வேரியன்ட்டுக்கும் நல்ல எஞ்சின் கொண்ட நடுத்தர வேரியன்ட்டுக்கும் இடையேதான் நடக்கிறது. குடும்பத்தோடு வெளியூர் போகிறவர் என்றால் நான் இரண்டாவதன் பக்கம்தான் நிற்பேன். திரையையும் ஸ்பீக்கரையும் சீட் கவரையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எஞ்சினையும் ஏர்பேக் எண்ணிக்கையையும் மாற்ற முடியாது. மேல் வேரியன்ட்டின் பெரிய சக்கரங்களும் அழகுக்குத்தான். 17 அங்குலச் சக்கரத்துக்கான 225/65 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 146 மில்லிமீட்டர் உயரம். 19 அங்குலச் சக்கரத்துக்கான 235/55 ஆர்19இல் அது 129 மட்டுமே. குழிகளைத் தாங்கும் ரப்பர் 17 மில்லிமீட்டர் குறைகிறது, மாற்றும்போது டயரின் விலையும் கூடுகிறது.

இவற்றையெல்லாம் வைத்து என் பரிந்துரையைச் சொல்வதானால்: நகரத்துக்குள் குறைவாக ஓடுபவருக்கும், வண்டியை நெடுங்காலம் வைத்திருப்பவருக்கும் டர்போ இல்லாத எஞ்சின், தினமும் நெரிசலில் நீண்ட தூரம் ஓடுபவருக்கு ஸ்ட்ராங் ஹைபிரிட், நெடுஞ்சாலை, மலை, முழுச்சுமை ஆகிய மூன்றும் கலந்தவருக்கு டார்க் கன்வெர்ட்டர் பூட்டிய டர்போ. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டி நிறுத்துபவருக்கு நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவைப் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சின் சூடேறும் முன்பே அணைக்கப்படுவதால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும் வாய்ப்பு அதில் அதிகம்.

டெஸ்ட் டிரைவின்போது விற்பனையாளர் காட்டும் காலியான அகலச் சாலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வீட்டாரை ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்து பார்க்க வேண்டும். பின் இருக்கையில் மூன்றாவதாக உட்கார்ந்தவரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். தரையின் நடுவே எழும் மேடும் கடினமான நடுச்சாய்வும் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது.