ஸ்வீப் பயிற்சிக்கு டன்லப் ஜாஸ் த்ரீ பிக்: 8 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் இரவு 10 மணிக்கு மேல் ஆம்பிளிஃபையரை இயக்க முடியாது. ஆகவே என் ஸ்வீப் பிக்கிங் பயிற்சி முழுவதும் ஹெட்போனில்தான் நடக்கிறது, அதில் கம்பியின் சிறு உராய்வுகூடக் காதுக்குத் தப்புவதில்லை. மின் கிட்டாருடன் இலவசமாக வந்த மெல்லிய பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டை, ஒதுக்கிவிட்டு, புக்கிட் பிந்தாங்கில் ஓர் இசைக்கருவிக் கடையில் சில ரிங்கிட்டுக்கு வாங்கிய சிவப்பு நைலான் ஜாஸ் த்ரீயை 8 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

ஆர்பெஜியோவின், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும் ஒரு கார்டின், சுரங்களைக் கம்பிக்கு ஒன்றாக அமைத்து, பிக்கை ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனியாக அடிக்காமல் ஒரே இழுப்பில் கடத்திச் செல்வதே ஸ்வீப். ஒரு கம்பியைக் கடந்த பிக் அடுத்த கம்பியின்மேல் தானாகச் சாய்ந்து நிற்க வேண்டும். மெல்லிய பிக் ஒவ்வொரு கம்பியிலும் வளைந்து நிமிர்வதால், மூன்றாவது கம்பிக்கு வருவதற்குள் என் தாளம் நழுவிவிடும். ஜாஸ் த்ரீயின் தடிமன் 1.38 மில்லிமீட்டர் என்பதால் அது வளைவதில்லை. வழக்கமான பிக்கைவிட உருவில் சிறியது, நுனி கூரானது. விரலுக்கு வெளியே கொஞ்சமே நீட்டிக்கொண்டிருப்பதால் கம்பிகளுக்கிடையே ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்வதும் இல்லை.

நான் தினமும் வாசிப்பது ஏ மைனர் கார்டின் ஐந்து கம்பி வடிவம்: 5ஆம் கம்பியில் 12, 15ஆம் ஃப்ரெட்டுகள் (கிட்டாரின் கழுத்தில் விரல் அழுத்தும் கட்டங்கள்), 4ஆம் கம்பியிலும் 3ஆம் கம்பியிலும் 14, 2ஆம் கம்பியில் 13, முதல் கம்பியில் 12, அதன்பின் சுண்டுவிரலால் தட்டி எழுப்பும் 17. இதில் கடினமான இடம் அடுத்தடுத்து வரும் அந்த இரண்டு 14கள்தான். மோதிர விரலின் நுனியால் 4ஆம் கம்பியை அழுத்தி, உடனே விரலைப் படுக்கவைத்து அதன் சதைப்பகுதியால் 3ஆம் கம்பியை அழுத்தும்போது நுனி எழுந்துவிட வேண்டும். எழாவிட்டால் இரு சுரங்களும் ஒன்றாக ஒலித்து, ஆர்பெஜியோ பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் வெறும் கார்டு ஆகிவிடும். பழைய பிக்கில் எல்லாமே மங்கலாக ஒலித்ததால் அந்தக் கலப்பு எனக்குப் பல மாதங்கள் தெரியவே இல்லை. ஜாஸ் த்ரீயின் நுனி ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் கூர்மையாக எழுப்புவதால், என் விரல் எந்தக் கம்பியில் தாமதமாக எழுகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. அன்றே தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளுக்கு இறக்கி, தட்டுக்கு மூன்று சுரம் என்று மீண்டும் தொடங்கினேன். இந்தப் பிக் வேகத்தைத் தருமா என்று கேட்பவர்களுக்கு, பிழையை ஒளிக்காமல் காட்டும் என்பதே என் பதில். வேகம் அதற்குப் பிறகுதான் வரும்.

பிடியை இறுக்கக் கூடாது. உறுமி வாசிக்கும் என் தம்பி, வளைந்த குச்சியைத் தோலில் அளவுக்கு மீறி அழுத்தினால் ஓசை அடைத்துக்கொள்ளும் என்பான். ஸ்வீப்பிலும் அப்படித்தான், இறுக்கிப் பிடித்தால் பிக் கம்பியில் முட்டி நிற்கும். கோலாலம்பூரின் புழுக்கத்தில் விரல் வியர்த்தாலும், பிக்கின் மேற்பரப்பில் புடைத்திருக்கும் எழுத்துகள் தளர்வான பிடிக்குப் போதுமானவையாக உள்ளன. கை மிகவும் வியர்ப்பவர்கள் சொரசொரப்பான மேக்ஸ் கிரிப் வகையைப் பார்க்கலாம்.

பெயரில் ஜாஸ் இருப்பதைக் கண்டு மெட்டல் வாசிப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. மெட்டல் கிட்டார் கலைஞர்களான ஜான் பெட்ரூசி, கர்க் ஹாமட் ஆகியோரின் பெயரிலேயே டன்லப் நிறுவனம் ஜாஸ் த்ரீ பிக்குகளை வெளியிட்டிருக்கிறது.

இந்தச் சிறிய உருவத்துக்குப் பழக எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. பெரிய கைகளைக் கொண்ட என் அக்காள் மகனுக்கு இதே நுனியும் தடிமனும் உள்ள எக்ஸ்எல் அளவை வாங்கிக் கொடுத்தேன், அவனுக்கு அதுதான் பொருந்தியது. கார்டுகளை எல்லாக் கம்பிகளிலும் ஒருசேர மீட்டி வாசிக்க மட்டும் எனக்கு இப்போதும் மெல்லிய பிக்கே பிடித்திருக்கிறது. நைலான் நுனி நாளடைவில் தேய்ந்து மழுங்கும். நான் இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வாங்கும்போது மூன்று நான்காக வாங்கி, புதியது ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கியதை அதனருகே பிடித்துப் பார்த்தால் மாற்ற வேண்டிய நேரம் தெரிந்துவிடும்.