காப்பர் பெப்டைடா, மேட்ரிக்சிலா, ஆர்ஜிரலைனா?

முகச் சுருக்கத்துக்கு பெப்டைட் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) கலந்த சீரம் தேட ஆரம்பித்தால் இந்த மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் மேட்ரிக்சிலோடு நின்றுவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இவற்றில் எதைப் போட்டும் பலனில்லை. ஆதாரம் என்று பார்த்தால் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் என்ற மருந்துதான் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த வகை போட்டால் தோல் எரிந்து உரிகிறது என்பவர்கள்தான் பெரும்பாலும் பெப்டைட் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

ஆர்ஜிரலைனை முதலில் முடித்துவிடுகிறேன். லேபிளில் அசிடைல் ஹெக்சாபெப்டைட்-8 என்று இருக்கும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போக உதவும் ஸ்னாப்-25 என்ற புரதத்தின் ஒரு துண்டைப் பார்த்துச் செய்தது. போடாக்ஸ் கைவைப்பதும் அதே புரதத்தில்தான். ஆனால் அது ஊசி வழியாகத் தசைக்கே போய்விடுகிறது. இதுவோ தோலைத் தாண்டியாக வேண்டும். 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு தோலுக்குள் இறங்குவது கஷ்டம் என்பது பொதுவான கணக்கு. இதன் எடை கிட்டத்தட்ட 889. பாட்டிலில் 10% என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் கரைசலின் அளவுதான். உள்ளே பெப்டைட் மிகக் கொஞ்சம். நான் நெற்றிக்கு மட்டும்தான் போட்டேன். கோடுகள் சற்று மென்மையாகத் தெரிந்தன, ஆனால் அது பெப்டைடாலா வெறும் ஈரப்பதத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணோரத்துக்கு எப்படி என்பதை அங்கே போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

காப்பர் பெப்டைட் நிஜமாகவே ஆசை காட்டும் பொருள். ஜிஹெச்கே என்ற மூன்று அமினோ அமிலச் சங்கிலி நம் ரத்தத்திலேயே இருக்கிறது; அதோடு செம்பு சேர்ந்ததுதான் காப்பர் பெப்டைட். 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற விஞ்ஞானி ஜிஹெச்கேயைக் கண்டுபிடித்தார். வயது ஏற ஏற அதன் அளவு குறைகிறது. மூன்றில் சின்ன மூலக்கூறும் இதுதான். படித்துவிட்டு மட்டும் முடிவெடுப்பதாக இருந்தால் நான் இதைத்தான் வாங்கியிருப்பேன்.

வீட்டில் வைத்துப் பயன்படுத்தும்போதுதான் விஷயம் வேறாகிறது. என்னைப் பொறுத்தவரை பெப்டைடைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, நாம் ஏற்கெனவே முகத்தில் போடுகிறவற்றோடு அது ஒத்துப்போகுமா என்பதைத்தான். காப்பர் சீரத்தின் நீல நிறம் அந்தச் செம்பு அயனி பெப்டைடோடு சேர்ந்திருப்பதால் வருவது. அமிலத்தன்மை கூடினால் பிடி தளர்ந்து செம்பு கழன்றுவிடும். வைட்டமின் சி சீரம் பெரும்பாலும் பிஎச் 3.5க்குக் கீழே, அதாவது நல்ல அமிலத்தன்மையோடு இருக்கும். அதோடு செம்பு வைட்டமின் சியையும் ஆக்சிஜனேற்றி வீணாக்கும். கிளைகாலிக் அமிலத்தோடும் இதே அமிலப் பிரச்சினை. பல கிரீம்களில் இருக்கும், உலோகங்களைப் பிடித்துவைக்கும் இடிடிஏ என்ற பொருள் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆக, காலையில் வைட்டமின் சி, இரவில் காப்பர், அமிலம் போடும் நாளில் காப்பருக்கு லீவு என்று ஒரு கால அட்டவணையே வேண்டும். டிராப்பரில் எடுத்து வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தெளிந்த நீலமாக இருந்தால் சரி. பச்சையோ பழுப்போ தட்டினால் அந்தப் பாட்டிலை நான் நம்பமாட்டேன்.

மேட்ரிக்சிலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பழைய மேட்ரிக்சில் என்பது பால்மிட்டாயில் பென்டாபெப்டைட்-4. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனுக்கு முன்நிலையான புரதத்தின் ஒரு துண்டு. எடை 802தான், 500ஐத் தாண்டியதுதான். ஆனால் அதோடு ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டியிருப்பதால் எண்ணெய்ப்பசையுள்ள மேல்தோலுக்குள் ஓரளவு நுழைகிறது. செம்பு இல்லாததால் வைட்டமின் சியோடு அந்தச் சண்டை கிடையாது. நியாசினமைட், ஹயலூரோனிக் அமிலம், மாய்ஸ்சரைசர் எதோடும் சேர்த்துப் போடலாம். கடும் அமிலத்தை மட்டும் நான் வேறு வேளைக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

2005இல் வெளியான ஆய்வில் 93 பெண்கள் 12 வாரம் முகத்தின் ஒரு பாதியில் இதையும் மறு பாதியில் வெறும் கிரீமையும் போட்டார்கள். பெப்டைட் வெறும் 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் மூன்று பங்கு. மெல்லிய கோடுகளில் வித்தியாசம் தெரிந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. செய்தவர்கள் அழகுசாதன நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். என் முகத்திலும் மாற்றம் அந்த அளவுதான்: மெல்லிய கோடுகள் தணிந்தன, ஆழமானவை அப்படியே இருக்கின்றன.

இன்னொன்று, லேபிளில் இதன் பெயர் கடைசி வரிகளில் வந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பிபிஎம் அளவில் சேர்ப்பதால் இடம் அங்கேதான். மேட்ரிக்சில் 3000 என்றால் பெயர்களும் வேறு: பால்மிட்டாயில் ட்ரைபெப்டைட்-1, பால்மிட்டாயில் டெட்ராபெப்டைட்-7 இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.