பர்ரோவா, ஹெர்பர்ட்டா? கல்லூரி ஆட்டத்தை வைத்து எடுத்த முடிவு

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2020 ஏப்ரலில் நடந்த டிராஃப்டில் முதல் ஆளாக ஜோ பர்ரோவை சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்தது. ஆறாவதாக ஜஸ்டின் ஹெர்பர்ட்டை லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் எடுத்தது. இருவருமே க்வாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்கள். அந்த ஆண்டு என் மகனுக்கு ஒரு ஜெர்சி வாங்க வேண்டியிருந்தது. இருவரில் யார் என்று அவனால் முடிவெடுக்க முடியவில்லை, "நீங்களே சொல்லுங்கப்பா" என்று விட்டுவிட்டான். தொழில்முறை ஆட்டத்தில் இருவரும் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்தார்கள். அதனால் கல்லூரியில் என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் பார்க்க முடிந்தது. பர்ரோவின் 9ஆம் எண்ணை வாங்கினோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உயரம், கைவலு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டிலும் ஹெர்பர்ட் ஒரு படி மேல். படிப்பில் இருவருமே கெட்டி. படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்துத் தரும் கேம்ப்பெல் விருது 2019இல் ஹெர்பர்ட்டுக்குக் கிடைத்தது. பர்ரோ மூன்றே ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்.

ஹெர்பர்ட் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரத்துப் பையன். ஓரிகன் பல்கலைக்கழகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் கால் முறிந்ததால் பெரிய கல்லூரிகளின் பார்வை அவர் மேல் அதிகம் படவில்லை. சொந்த ஊர்க் கல்லூரியில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே, 2016இல், களத்துக்கு வந்துவிட்டார். அந்தப் பருவம் 4 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது. பயிற்சியாளர் மார்க் ஹெல்ஃப்ரிச்சை நீக்கினார்கள். அடுத்து வந்த வில்லி டேகர்ட் ஒரே பருவத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். பிறகு மரியோ கிறிஸ்டோபால். நான்கு ஆண்டில் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள், நடுவில் ஒரு காறை எலும்பு முறிவு. 2018 முடிந்ததும் டிராஃப்டுக்குப் போயிருக்கலாம், போகாமல் கடைசி ஆண்டையும் அங்கேயே ஆடி, பேக்-12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டத்தையும், பருவ முடிவில் நடக்கும் ரோஸ் பௌல் ஆட்டத்தையும் வென்று கொடுத்தார். மதிக்க வேண்டிய கதை இது, அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

பர்ரோவின் கதை நேர்மாறானது. ஒஹாயோவின் தென்கிழக்கில் ஏதன்ஸ் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். அப்பா ஜிம்மி பர்ரோ அங்கிருக்கும் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தவர். மகன் சேர்ந்தது ஒஹாயோ ஸ்டேட் என்ற வேறு பல்கலைக்கழகத்தில். அங்கே முதன்மை க்வாட்டர்பேக்காக இருந்த ஜே.டி. பேரட்டுக்குப் பின்னால் காத்திருந்தார். 2017 ஆகஸ்டில் பயிற்சியின்போது எறியும் கை எலும்பு உடைந்தது. அந்த நேரத்தில் இன்னொரு க்வாட்டர்பேக்கான ட்வெய்ன் ஹாஸ்கின்ஸ் முந்திக்கொண்டார். ஒரு ஆட்டத்தைக்கூட பர்ரோ தொடங்கி ஆடவில்லை, கையில் மிஞ்சியது பட்டம் மட்டும்தான். பட்டம் முடித்தவர் வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்று அப்போது விதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2018இல் லூசியானா ஸ்டேட்டுக்கு, அதாவது எல்எஸ்யுவுக்கு வந்தார்.

முதல் பருவத்தில் 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து ஆறு புள்ளி பெறுவது), 57.8 சதவீதத் துல்லியம். அடுத்த பருவத்தில் 60 டச்டவுன், 76.3 சதவீதம், 5,671 யார்டு. அணி 15 ஆட்டத்தில் 15 வெற்றி. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. 2020 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் க்ளெம்சனை 42-25 என்று வென்று தேசியப் பட்டமும் வந்தது. ஹைஸ்மன் மேடையில் தன் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லாத பிள்ளைகளைப் பற்றிக் கண்ணீரோடு பேசினார். சில நாட்களிலேயே ஏதன்ஸ் உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்லலாம். பிள்ளைக்கு ஜெர்சி வாங்கும் அப்பாவுக்குச் சம்பந்தம் உண்டு.

ஆனால் நான் பர்ரோ பக்கம் சாய்ந்தது எண்களுக்காக இல்லை. 2019இல் ஹெர்பர்ட்டும் 32 டச்டவுன் எறிந்தவர், இண்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல், இருவருக்கும் அதே ஆறுதான். நான் பார்த்தது ஒரே ஒரு விஷயம்: கல்லூரி ஆட்டம் அந்த வீரரை எவ்வளவு வெளிக்காட்டுகிறது?

2019 செப்டம்பரில் டெக்சஸுடன் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்எஸ்யு 37-31 என்று முன்னால் இருக்கிறது, மூன்று நிமிடம்கூட மீதமில்லை. நான்கு முயற்சியில் மூன்றாவது, கடக்க வேண்டியது 17 யார்டு. இந்த இடத்தில் பெரும்பாலான அணிகள் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டு நேரத்தைக் கரைக்கும். டெக்சஸ் கூடுதல் ஆட்களை அவர் மேல் ஏவியது. பர்ரோ கூட்டத்துக்குள் நகர்ந்து, இடம் பண்ணிக்கொண்டு, ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு டச்டவுன். முகத்துக்கு நேரே ஆள் வரும்போதும் கண் தூரத்தில் இருக்கிறது. பின்னாளில் பெங்கால்ஸில் நாம் பார்த்த பர்ரோ முழுக்க அங்கேயே இருக்கிறார்.

ஓரிகனில் ஹெர்பர்ட்டுக்கு அப்படிப்பட்ட வாய்ப்பு அதிகம் அமையவில்லை. ஓட்டத்தை நம்பிய அணி அது, பெனே சூவெல் போன்றவர்கள் எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையில் இருந்தார்கள். பந்து வந்ததும் பக்கவாட்டில், குறுகிய தூரத்தில் எறிந்துவிடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவ்வளவு வலுவான கையை வைத்துக்கொண்டு! அது அவர் குறையில்லை. ஆனால் கல்லூரி ஆட்டத்தை மட்டும் பார்த்தவர், சார்ஜர்ஸில் முதல் ஆண்டே 31 டச்டவுன் எறிந்து புதியவர்களுக்கான சாதனை படைக்கப்போகும் மனிதரை அங்கே கண்டுபிடித்திருக்க முடியாது. நானும் கண்டுபிடிக்கவில்லை, அவருக்கு முன்னால் ஐந்து பேரை எடுத்த அணிகளும் கண்டுபிடிக்கவில்லை.

பர்ரோவுக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. ஜெஃபர்சன், ஜமார் சேஸ் என்று எறிந்த பந்தைப் பிடிக்கும் இரண்டு அபார ரிசீவர்கள். 2019இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து புதிய எறிதல் திட்டத்தோடு வந்த பயிற்சியாளர் ஜோ பிரேடி. இவ்வளவும் இருந்தால் யாரும் ஜொலிப்பார்கள் இல்லையா? ஓரளவு சரிதான். அதனால்தான் 2018 பருவத்தின் கடைசி ஆட்டமான ஃபியஸ்டா பௌலையும் பார்க்கச் சொல்கிறேன். பிரேடி அப்போது வந்திருக்கவில்லை. தொடக்கத்திலேயே பர்ரோ எறிந்த பந்தை எதிரணியான யுசிஎஃப் பிடித்துக்கொண்டு டச்டவுனுக்கு ஓடியது. துரத்திப் போன பர்ரோ மேல் ஒரு பயங்கர மோதல். எழுந்து வந்து நான்கு டச்டவுன் எறிந்து 40-32 என்று ஜெயித்தார்.

காயத்தைப் பற்றி மட்டும் என்னால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. எல்எஸ்யுவில் இரண்டு பருவமும் ஒரு ஆட்டத்தையும் விடாதவர் பர்ரோ. அதைப் பார்த்து உடம்பு தாங்கும் என்று நம்பினேன். பிறகு 2020இல் முழங்கால், 2023இல் மணிக்கட்டு, 2025இல் கால் பெருவிரல். காயத்துக்குக் காரணம் பெங்கால்ஸின் முன்வரிசையா, பந்தை நீண்ட நேரம் கையில் வைத்திருக்கும் அவர் பழக்கமா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு முன்வரிசை ஆட்டம் எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிறுதோறும் களத்தில் இருப்பவர்தான் வேண்டும் என்றால் ஹெர்பர்ட்டை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் தன் முதல் பிளேஆஃபில் (பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) 27-0 என்று முன்னால் இருந்து ஜாக்சன்வில்லிடம் 31-30 என்று தோற்றதையும் கணக்கில் வையுங்கள். பர்ரோ தன் முதல் பிளேஆஃப் பயணத்திலேயே சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் வரை போனவர்.

ஹெர்பர்ட் பக்கம் நிற்பவர்கள் 2020 ஜனவரி 1 ரோஸ் பௌலைப் பாருங்கள். விஸ்கான்சினுக்கு எதிராக அவர் எடுத்த மூன்று டச்டவுனும் காலால் வந்தவை, கடைசி ஒன்று 30 யார்டு ஓட்டம். 28-27 என்று வெற்றி. ஓரிகன் அவரை இப்படி அவிழ்த்துவிட்ட ஆட்டங்கள் இன்னும் நாலைந்து இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கலாம்.